கால்தடம் இல்லாததே சாட்சி

எங்கள் பக்கம் மனநோய்க்கு ஒரே சொல்தான், விசர். மோட்டார்சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனும் விசரன், காதலில் தோற்றுத் தாடி வளர்க்கிறவனும் விசரன், ஆறு மாதமாக வாசலுக்கு வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிற ஆளும் விசரன். கொஞ்சம் கூடிப்போனால் "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்பார்கள். கொழும்புப் பக்கம் அங்கொடையில் இருக்கிற அந்த மனநோய் வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறிக் கனகாலம், ஆனாலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஒரு ஊரின் பெயரை வசைச்சொல்லாக வைத்திருப்பதை நாங்கள் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால் வரும் கஷ்டம், வைத்தியர் "இவருக்கு டெலூஷன் இருக்கிறது" என்று சொல்லும்போது தெரியும். வீட்டார் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் "என்னவாம்?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். தமிழில் பிறழ் நம்பிக்கை என்று எழுதுகிறார்கள், மருட்சி என்றும் எழுதுகிறார்கள், எதைச் சொன்னாலும் அந்த நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கப்போவதில்லை. நான் டெலூஷன் என்றே எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லை, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆளுக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்கவேண்டும் என்று கொஞ்ச நாளாக ஒரு எண்ணம். புத்தகத்தில் இருக்கிற வரைவிலக்கணத்தைவிட நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர் ஒரு சிரிப்பு நடிகர் என்பதுதான் வேடிக்கை.

1989இல் மலையாளத்தில் வந்த 'வடக்குநோக்கியந்திரம்' என்ற படம். எழுதியது, இயக்கியது, நாயகனாக நடித்தது மூன்றும் ஸ்ரீநிவாசன். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான கேரள அரசு விருது அதற்குக் கிடைத்தது. ஸ்ரீநிவாசனைத் தமிழ் ரசிகர்களுக்கு முகம் தெரியாது, ஆனால் அவருடைய கதை தெரியும். 2008இல் ரஜினி நடித்து வந்த 'குசேலன்', ஸ்ரீநிவாசன் எழுதி, அந்தச் சவரத் தொழிலாளியாக அவரே நடித்த 'கத பறயும்போள்' படத்தின் தமிழ் வடிவம். அதே 2008இல் கருணாஸ் நடித்த 'திண்டுக்கல் சாரதி' இருக்கிறதே, அது நான் சொல்கிற இந்த வடக்குநோக்கியந்திரமேதான். கேரளத்தில் அவரைக் கதாசிரியர் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். நடிகர் என்று வரும்போது மட்டும் குட்டையான, கறுப்பான, தன்னைத் தானே பகிடி பண்ணிக்கொள்ளும் ஆள் என்று ஒரு புன்னகையோடு கடந்துவிடுவார்கள். சிரிப்புப் படம் என்ற பெயர் இருப்பதால் உள்ளே நடந்திருக்கிற நடிப்புக்கு உரிய கணக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

கதை சின்னது. தளத்தில் தினேசன் என்று ஒருவர், அச்சகம் வைத்திருக்கிறார். தன் உயரம் போதாது, நிறம் போதாது என்ற கவலை எப்போதும் உண்டு. அவருக்கு வடிவான, தன்னைவிட உயரமான ஒரு பெண் மனைவியாக வாய்க்கிறாள், பெயர் சோபா, பார்வதி நடித்திருக்கிறார். இவ்வளவு வடிவான ஒருத்தி தன்னோடு ஏன் இருக்கவேண்டும் என்ற கேள்வியில் தொடங்கி, இவள் வேறு யாரையோ நினைக்கிறாள் என்ற முடிவுக்கு வந்து, கடைசியில் மனநோய் வைத்தியசாலை வரைக்கும் போய்விடுகிறது.

சரி, இதில் டெலூஷன் எங்கே இருக்கிறது?

பொதுவாக நாங்கள் நினைப்பது, டெலூஷன் என்றால் பொய்யான ஒன்றை உண்மை என்று நம்புவது. அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் நோயாளிகள். தேர்தலுக்குத் தேர்தல் நம்புகிறோமே. பொய்யை நம்புவது மட்டும் போதாது, அந்த நம்பிக்கை எப்படி வந்தது, வந்தபிறகு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம். இதற்கு அம்மம்மா சொன்ன ஒரு கதை இருக்கிறது, அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தமாதிரி.

அம்மம்மாவின் சின்ன வயதில், கடற்கரைப் பக்கத்து ஊர், வளவெல்லாம் வெள்ளை மணல். அங்கே ஒரு மாமா பொழுதுபட்டதும் ஈர்க்கு விளக்குமாறு எடுத்து வீட்டைச் சுற்றி முற்றம் முழுவதும் கூட்டுவாராம். ஆம்பிள்ளை முற்றம் கூட்டுகிறாரே என்று ஊர்ப் பெண்களுக்கு முதலில் சந்தோசம். பிறகுதான் காரணம் தெரிந்தது, இரவில் யாரும் வந்துபோனால் விடியக் கால்தடம் தெரியவேண்டும். விடிய எழும்பி, குனிந்து, விளக்குமாற்றுக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு தடமும் இருக்காது. ஒரு சாதாரண ஆள், ஐமிச்சக்கார ஆளாக இருந்தாலும், பத்து நாள் பார்த்துவிட்டு "சரி, ஒருத்தனும் வரல்ல" என்று மனம் ஆறியிருப்பான். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "கால்தடத்த அழிச்சுப்போட்டுப் போயிரிக்கான்."

இதுதான் டெலூஷன். தடம் இருந்தால் வந்திருக்கிறான், தடம் இல்லாவிட்டால் அழித்துவிட்டுப் போயிருக்கிறான். மணலில் என்ன தெரிந்தாலும் முடிவு ஒன்றுதான். ஏனென்றால் முடிவு முதலிலேயே வந்துவிட்டது, சாட்சி தேடுவது பிறகு நடக்கிற வேலை. படத்தின் பெயரை இப்போது திரும்பப் பாருங்கள். வடக்குநோக்கியந்திரம் என்றால் திசைகாட்டி. தோணியில் போகிறவரிடம் கேட்டால் சொல்வார், பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊசி ஆடி ஆடிக் கடைசியில் வடக்கேதான் போய் நிற்கும். தினேசனிடம் எதைக் கொடுத்தாலும், மனைவியின் சிரிப்பைக் கொடுத்தாலும் மௌனத்தைக் கொடுத்தாலும், அது போய் நிற்கிற இடம் ஒன்றேதான். ஒரு பெயரிலேயே முழு நோயையும் எழுதிவைத்த ஆளை வெறும் பகிடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மன் மனநோய் வைத்தியர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் எழுதிய பெரிய நூலில் டெலூஷனுக்கு மூன்று அடையாளம் சொன்னார். நம்புகிற ஆளுக்கு முழு உறுதி இருக்கும், எந்த அனுபவமும் எந்த வாதமும் அதை அசைக்காது, நம்புகிற விஷயம் நடக்க முடியாததாக இருக்கும். முதல் இரண்டும் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. மூன்றாவதில்தான் சிக்கல், அதிலும் புருசன் பெண்சாதி சந்தேகத்தில் வசமாக மாட்டிக்கொள்ளும். ஏனென்றால் ஒரு மனைவி இன்னொருவரை விரும்புவது உலகத்தில் நடக்க முடியாத காரியம் இல்லையே. இன்னும் ஒரு படி மேலே போய் வைத்தியர்கள் சொல்கிற விஷயம் முதலில் கேட்கும்போது தலையைச் சுற்றும்: மனைவிக்கு உண்மையிலேயே வேறு தொடர்பு இருந்தால்கூட புருசனுக்கு இருப்பது டெலூஷனாக இருக்கலாம். எப்படி? "பாலத்து லைட் மூன்று தரம் மினுங்கியது, அதனால் என் மனிசி இன்னொருவனோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், தற்செயலாக விஷயம் உண்மையாகவே இருந்தாலும், லைட் மினுங்கியதிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த வழி நோயுடைய வழி. விடை சரி, கணக்குச் செய்தமுறை பிழை என்று ஆசிரியர் மார்க் குறைப்பாரே, அதுமாதிரி.

அந்தச் செய்தமுறையைப் பற்றி ஒரு பரிசோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு சாடிகள். ஒன்றில், உதாரணத்துக்கு, 85 சிவப்பு மணி, 15 கறுப்பு மணி. மற்றதில் மாறி, 85 கறுப்பு, 15 சிவப்பு. எந்தச் சாடியிலிருந்து எடுக்கிறேன் என்று காட்டாமல் ஒவ்வொரு மணியாக எடுத்து உங்களுக்குக் காட்டுவார்கள். இது எந்தச் சாடி என்று உங்களுக்குப் போதுமான நிச்சயம் வந்ததும் சொல்லலாம், எத்தனை மணி வேண்டுமானாலும் கேட்கலாம். 1988இல் ஹக், காரெட்டி, ஹெம்ஸ்லி என்ற மூவர் இதை டெலூஷன் இருப்பவர்களோடு செய்து பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் குறைந்த மணிகளிலேயே முடிவு சொன்னார்கள். ஒரு மணி, இரண்டு மணி, போதும், தெரிந்துவிட்டது. பிறகு வந்த பல ஆய்வுகளிலும் இதே போக்குத்தான் தெரிந்தது. டெலூஷன் இருக்கிற எல்லோரும் அப்படியில்லை, நோயே இல்லாத எங்களில் சிலரும் இரண்டு மணிக்காரர்தான், வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்காமலே அடுத்தவருக்கு அனுப்புகிறோமே. ஆனாலும் அவசரமாக முடிவுக்குப் பாய்வது டெலூஷனுக்குள் இருக்கிற ஒரு எந்திரம் என்பது ஓரளவு நிலைத்துவிட்ட விஷயம்.

இப்போது ஸ்ரீநிவாசனைப் பார்ப்போம். அவருடைய நடிப்பில் நான் முதலில் கவனித்தது இந்த இரண்டு மணி வேகத்தைத்தான். யாரோ ஒரு ஆண் மனைவியோடு இரண்டு வார்த்தை கதைத்ததும் தினேசனின் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள். கோபம் உடனே வருவதில்லை. முதலில் ஒரு நிற்பு, கண் மட்டும் ஒருதரம் அங்கே போய் இங்கே வரும், அப்புறம் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி மாதிரி ஒன்று வந்து உட்காரும். நிம்மதியா என்று கேட்பீர்கள். ஆம். இத்தனை நாள் உள்ளே காரணம் தெரியாமல் கிடந்து அரித்த ஒன்றுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, ஒரு ஆள் கிடைத்துவிட்டான். டெலூஷன் ஒரு மனிதருக்குக் கொடுமையானது, ஆனாலும் அது எதையோ விளக்குகிறது, கலங்கிக் கிடக்கிற தண்ணீரைத் தெளியவைத்த மாதிரி ஒரு உணர்வைக் கொடுக்கிறது, அதனால்தான் விடமுடியவில்லை. இந்த நிம்மதியை முகத்தில் கொண்டுவந்த நடிகர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் சந்தேகத்தைக் கோபமாகவே நடித்துவிடுவார்கள், அது இலகு, கண்ணை உருட்டினால் போதும்.

இன்னொன்று, தினேசனுக்குத் தான் சிரிப்புக்குரிய ஆள் என்பது தெரியாது. ஸ்ரீநிவாசன் அதைக் கடைசிவரை காப்பாற்றுகிறார். ஒரு இடத்திலாவது பார்வையாளர்களைப் பார்த்துக் கண் சிமிட்டியிருந்தால், "எனக்கும் தெரியும், இது பகிடி" என்று காட்டியிருந்தால், முழுப் படமும் சரிந்திருக்கும். கலியாணமான புதிதில் ஸ்டூடியோவில் படம் எடுக்கிற காட்சி, ஜகதி ஸ்ரீகுமார்தான் புகைப்படக்காரர். நாடியைக் கொஞ்சம் தூக்கு, இந்தப் பக்கம் திருப்பு, சிரி, இவ்வளவு வேண்டாம், கொஞ்சம் குறை. தினேசன் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி கீழ்ப்படிகிறார். நாங்கள் வயிறு நோகச் சிரிக்கிறோம். இரண்டாம் தரம் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, தன் முகம் தனக்குச் சொந்தமில்லை என்று நம்புகிற ஒரு ஆளைத்தான் பார்த்தேன். பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு ஏற்றபடி தன் முகத்தை யாராவது திருத்தித் தந்தால் போதும் என்று நிற்கிறார்.

அதேபோல மனைவியைச் சிரிக்கவைக்கவேண்டும் என்று ஒரு பகிடியைப் பாடமாக்கிக்கொண்டு வந்து சொல்கிற காட்சி. குடும்ப வாழ்க்கைக்கு ஆலோசனை சொல்கிற ஒரு 'சேர்' படத்தில் உண்டு, இன்னசென்ட் நடித்திருக்கிறார், இந்த மாதிரிச் சேர்மாருக்கு எங்கள் ஊரிலும் பஞ்சமில்லை. அந்த ஆளிடம் போய் அறிவுரை வாங்கி, அதை வரிக்கு வரி செய்துபார்க்கிறார் தினேசன். பகிடி சறுக்குகிறது. சொல்லும்போது அவருடைய கண் பகிடியில் இல்லை, கேட்கிறவர்களின் முகத்தில் இருக்கிறது, சிரிக்கிறார்களா, எப்போது சிரிப்பார்கள், ஏன் இன்னும் சிரிக்கவில்லை. மற்றவர்களின் முகத்தை இப்படி ஓயாமல் வாசித்துக்கொண்டே இருப்பதுதான் பின்னால் சந்தேகமாக மாறுகிறது. நோய் ஒருநாள் இரவில் திடீரென்று வந்து ஏறவில்லை, முதல் அரை மணித்தியாலத்திலேயே அதன் விதை நடிப்பில் கிடக்கிறது.

இதை ஏன் நாங்கள் நோய் என்று பார்க்காமல் பகிடி என்று மட்டும் பார்த்தோம் என்பதற்கு எனக்கு ஒரு சொந்த விளக்கம் இருக்கிறது, மட்டக்களப்பு விளக்கம். எங்கள் கண் பழகிய விதம் அப்படி. கூத்தில் ஒரு பாத்திரம் வட்டக்களரிக்குள் வரும்போதே வரவு ஆட்டத்தில் தான் யார் என்று சொல்லிவிடும், ராசாவா, மந்திரியா என்று கால் சொல்லும், தாளம் சொல்லும். வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் சடங்கு. தெய்வம் ஏறினால் அதுவும் உடம்பில் முழுதாகத் தெரியும், தலைமயிர் அவிழும், உடம்பு நடுங்கும், குரல் மாறும், பறைமேளம் அதற்கென்றே அடிக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டோம். தமிழ் சினிமாவும் மனநோய்க்கு இந்த உரு ஆட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். 2005இல் ஒரே வருடத்தில் வந்த 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் சொல்கிற நோய் ஒரு ஆளுக்குள் இன்னொரு ஆள் எழும்புவது. அது வேறு நோய், அரிதான நோய், அதற்கு உரு ஆட்டம் பொருந்திவிடும். டெலூஷனுக்குப் பொருந்தாது. டெலூஷன் இருக்கிற ஆள் வேறு ஆளாக மாறுவதில்லை. சேட் அயன் பண்ணிப் போடுவார், கடைக்குப் போய் மிச்சக்காசு சரியாக எண்ணி வாங்குவார், உங்களோடு கிரிக்கெட் கதைப்பார். அந்த ஒரு விஷயத்தில் கை வைக்கும்வரை ஒன்றுமே தெரியாது. முற்றம் கூட்டின மாமா நல்ல வேலைக்காரராம், கணக்கில் ஒரு சதம் பிசகாதாம்.

குரல் கேட்பது, இல்லாததைக் காண்பது இவை வேறு. காதுக்கும் கண்ணுக்கும் நடப்பது அது. டெலூஷன் நம்பிக்கையில் நடப்பது. இரண்டும் சேர்ந்து வருகிற நோய்கள் உண்டு, தினேசன் கதையில் வருவது நம்பிக்கையில் நடப்பதுதான்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும், எங்கள் ஊர் ஆட்கள் கேட்காமல் விடமாட்டார்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரெல்லாம் பெயர் எடுத்த இடம் இது. செய்வினை வைத்துவிட்டார்கள், சூனியம் செய்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் பாதி ஊர், அப்போது பாதி ஊருக்கும் டெலூஷனா? இல்லை. ஒரு சமூகமே பகிர்ந்துகொள்கிற நம்பிக்கையை, அது சரியோ பிழையோ, வைத்தியர்கள் டெலூஷன் என்று எண்ணுவதில்லை, வரைவிலக்கணத்திலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. நடைமுறையில் எப்படிப் பிரித்தறிவது என்றால், ஊர் நம்பிக்கைக்கு ஊரிலேயே ஒரு முடிவும் இருக்கும். மந்திரிக்கிற கட்டாடியாரிடம் போவோம், நூல் கட்டுவார், தேசிக்காய் வெட்டுவார், மனம் ஆறும். டெலூஷன் ஆறாது. மாமாவையும் கட்டாடியாரிடம் கொண்டுபோனார்களாம். நூல் கட்டி ஒரு கிழமை அமைதி. இரண்டாம் கிழமை மாமா புதிதாக ஒன்று கண்டுபிடித்தார்: வந்துபோகிறவன் அந்தக் கட்டாடியார்தான், மந்திரம் தெரிந்த ஆளுக்குத்தானே தடம் இல்லாமல் நடக்கத் தெரியும். அம்மம்மா இந்த இடத்தில் சிரித்துவிட்டு, மறுகா கொஞ்ச நேரம் சும்மா இருப்பா.

பொறாமை எல்லாருக்கும் உண்டு, அதில் நோய் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது வைத்தியர்களுக்கே கஷ்டம். சாதாரணப் பொறாமை என்றால் விளக்கம் கேட்கும், கிடைத்தால் அடங்கும். அடுத்தது மனதைப் பற்றிப்பிடித்த எண்ணம், அதே சிந்தனையாகவே இருப்பார், ஆனால் "ஒருவேளை நான்தான் பிழையாக நினைக்கிறேனோ" என்று ஒரு நாளைக்காவது சொல்வார். டெலூஷனில் அந்த ஒருவேளை செத்துவிடும். ஸ்ரீநிவாசன் இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, எங்கே கடந்தார் என்று எங்களுக்குத் தெரியாமலே, கடந்துபோகிறார். அதனால் தினேசனுக்கு இருந்தது முழு டெலூஷனா அல்லது தாழ்வு மனப்பான்மையால் முற்றிப்போன சந்தேகமா என்று மனநோய் படித்த இருவர் இருந்தால் சண்டையே பிடிக்கலாம். அதை நான் படத்தின் குறை என்று சொல்லமாட்டேன். வீடுகளிலும் அப்படித்தான், எந்த நாளில் அது நோயாக மாறியது என்று எந்த மனைவியிடமும் கலண்டரில் காட்டச் சொல்ல முடியாது.

இந்தச் சந்தேகத்துக்கு வைத்திய உலகில் ஒதெல்லோ சின்ட்ரோம் என்று ஒரு பெயர் உண்டு, டொட், டியூஹர்ஸ்ட் என்ற இருவர் 1955இல் வைத்தது. எனக்கு அந்தப் பெயரில் ஒரு கோபம். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவுக்குக் காதில் ஓத இயாகோ என்று ஒருவன் இருந்தான், கைக்குட்டையை வைத்துச் சாட்சி தயாரித்துக் கொடுத்தான், ஏமாற்றப்பட்ட எந்த மனிதனும் அப்படி நம்பக்கூடும். தினேசனுக்கு இயாகோ தேவைப்படவில்லை. மாமாவுக்கும் தேவைப்படவில்லை, ஒரு விளக்குமாறு போதுமாக இருந்தது. ஆனால் ஒதெல்லோ என்ற பெயர் ஒரு விஷயத்தை மறக்காமல் ஞாபகப்படுத்துகிறது, அந்த நாடகத்தில் மனைவி கொல்லப்படுகிறாள். டெலூஷன்களிலேயே பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு ஆபத்து கூடிய வகைகளில் இது ஒன்று. சிரிப்புப் படம் என்பதால் இதை மறந்துவிடக்கூடாது, பார்வதி நடித்த அந்தப் பெண்ணின் முகத்தையும் கவனித்துப் பாருங்கள், தான் செய்யாத ஒன்றுக்கு எந்தப் பதில் சொன்னாலும் பிழையாகப்போகிறது என்று அவளுக்கு விளங்குகிற கணங்கள் இருக்கின்றன.

காரணங்களைப் பற்றிச் சுருக்கமாக. நீண்டகாலக் குடி இதோடு நன்றாகச் சேர்ந்து வரும், சாராயமோ கசிப்போ. வயதானவர்களில் மறதி நோயின் பகுதியாகவும் வரும், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகளாலும் வரலாம். ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த அப்பப்பா எழுபத்தைந்து வயதில் திடீரென்று அப்பம்மாவைச் சந்தேகப்படத் தொடங்கினால் "கிழவனுக்கு இந்த வயசில..." என்று பிள்ளைகள் வெட்கப்பட்டு மூடி மறைப்பார்கள். மறைக்கவேண்டிய விஷயம் இல்லை, மூளையில் ஏதோ நடக்கிறது, காட்டவேண்டும்.

மட்டக்களப்பு வீடுகளில் இன்னொரு பக்கமும் உண்டு, தினேசன் கதையில் இல்லாதது. அவர் மனைவியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, பிறகு தனி வீடும் எடுத்துக்கொண்டு போகிறார். இங்கே வீடுவளவு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேருகிற ஆள். சந்தேகம் பிடித்த புருசன் மனைவியின் தாய், சகோதரி, தாய்வழிக் குடிச் சொந்தங்கள் எல்லாரும் சூழ இருக்கிற வளவில் இருக்கிறார். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, கதவைத் தட்டினால் அக்கா வருவா. அதே நேரம் அந்த ஆளுக்கு முழு வளவும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறது என்று நினைக்கவும் வசதியாகிவிடுகிறது. படத்தைப் பார்க்கும்போது இதை மாற்றிப்போட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, நான் வைத்தியர் இல்லை, பொதுவாகச் சொல்லப்படுவதைச் சொல்கிறேன். வாதாடி வெல்ல முடியாது, போன் கோல் பட்டியலைக் காட்டினாலும் கோயிலில் சத்தியம் செய்தாலும் அதுவே புதுச் சாட்சியாகிவிடும். அதற்காக "ஓம், உண்மைதான்" என்று ஒத்துக்கொள்ளவும் கூடாது. "உங்களுக்கு நித்திரை இல்லாமல் இருக்கிறது, சாப்பாடு இறங்குதில்லை, அதுக்கு ஒருக்கா காட்டுவோம்" என்று அவர் படுகிற கஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சில நேரம் வருவார்கள். மருந்து இருக்கிறது, வேலை செய்கிறது, எல்லாருக்கும் முழுதாக இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அடி, மிரட்டல் என்று போனால் நோயாளி பாவம் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், அந்தப் பெண் அந்த இடத்தைவிட்டு விலகவேண்டும், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இருவரையும் கொஞ்சக் காலம் பிரித்து வைப்பதை வைத்தியர்களே சிகிச்சையின் பகுதியாகச் சொல்வதுண்டு.

படத்தை இனித்தான் பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள். வைத்தியசாலையில் இருந்து தினேசன் சுகமாகி வீட்டுக்கு வருகிறார், மனைவியும் வந்துவிடுகிறாள், எல்லாம் சரி. இரவு. தினேசன் எழும்பி டோர்ச் லைட்டை எடுக்கிறார். அந்த நேரத்தில் ஸ்ரீநிவாசன் செய்வது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, கண்ணை உருட்டவில்லை, வெறி இல்லை, வழக்கமாக ஒரு ஆள் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போவதுபோல ஒரு நடை. அதனால்தான் முதுகு சில்லிடுகிறது. முதல் தரம் பார்த்தபோது கூடப் பார்த்துக்கொண்டிருந்த என் மச்சான் கைதட்டிச் சிரித்தான், நானும் சிரித்தேன், சிரித்து முடித்தபோது இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

மாமாவும் கடைசியில் மருந்து எடுத்து நல்லாக வந்தாராம். கட்டாடியாரோடு திரும்பக் கதைத்தார், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார், சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பிறகு அவர் வாயில் வரவில்லை. முற்றம் கூட்டுவதை மட்டும் விடவில்லை, பொழுதுபட்டால் விளக்குமாறு. கேட்டால் துப்புரவுக்கு என்பாராம். மாமி அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. விடியமுன் அவருக்கு முதல் எழும்பி, முற்றம் முழுவதும், வேலியோரம், கிணற்றடி, பின்வளவு என்று ஒரு இடமும் விடாமல் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவாவாம்.